முட்டைக்காரர் அருணகிரியும் மிதிபடாத பிரேக்கும்

அருணகிரியின் பிக்கப் வண்டியில் இருப்பதைப் போன்ற ஒரு பிரேக் மிதி இந்த மண்ணுலகில் வேறெங்கும் கிடையாது. சங்ககிரியில் தொடங்கிச் சந்திரமண்டலம் வரை பட்டறை பட்டறையாக ஏறி இறங்கித் தேடினாலும் கிடைக்காது. பதிமூன்று ஆண்டுகளாக அந்த மிதி லட்சக்கணக்கான முட்டைகளைக் காப்பாற்றியிருக்கிறது. அரசாங்கத்துக்குக் கொஞ்சமாவது விவரம் இருந்தால் அதைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மாலை போட்டு, குடியரசு தினத்தன்று டெல்லி ஊர்வலத்துக்கு அனுப்பியிருக்கும். அந்த மிதியின் பெருமைக்கு ஒரே ஒரு காரணம்தான். அதை யாரும் மிதித்ததே இல்லை.

மிதிக்காமல் வண்டி எப்படி நிற்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நாமக்கல் கடைவீதியில் யாரும் கேட்க மாட்டார்கள். தினமும் பார்க்கிறார்கள். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டதுமே அருணகிரி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். பங்கைத் தாண்டினால் மூன்றாவது கியர். கல்யாண மண்டபம் வந்தால் இரண்டாவது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஒன்று. மளிகைக் கடை வாசலுக்கு வரும்போது வண்டி, நிற்கலாமா வேண்டாமா என்று எருமை மாதிரி ஒரு கணம் யோசிக்கும். யோசிக்கும் நேரத்தில் கடைக்காரர் ஓடி வந்து முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையைப் போட வேண்டும். அருணகிரியிடம் முட்டை வாங்கும் ஒவ்வொரு கடையிலும் இதற்கென்றே ஒரு கட்டை இருக்கிறது. ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைக்கிறார்கள்.

இந்த வைராக்கியம் ஒரு ஆட்டினால் வந்தது.

இருபது வருடங்களுக்கு முன்பு, மீசை சரியாக முளைக்காத காலத்தில், அருணகிரி ஒரு கோழிப் பண்ணையின் வண்டிக்கு டிரைவராகச் சேர்ந்தார். சேர்ந்த மூன்றாம் நாள் ராசிபுரம் சாலையில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. அவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். ஆடு பிழைத்தது. பின்னால் அடுக்கியிருந்த நாலாயிரம் முட்டைகள் பிழைக்கவில்லை. சாலை மஞ்சளாகிவிட்டது. பக்கத்து ஊரே குண்டா, சட்டி, குடம் எடுத்துக்கொண்டு வந்து மொண்டுகொண்டு போனது. சேதி கேட்டு வந்த பண்ணை முதலாளி வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார், வேட்டியைத் தூக்கிக் கட்டினார், பிறகு மிகவும் அமைதியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"ஆடு நல்லா இருக்குதாப்பா?"

வைதிருந்தால் மறந்துபோயிருக்கும். அடித்திருந்தால் ஆறிப்போயிருக்கும். அந்தக் கேள்வி மட்டும் அருணகிரியின் வலது காலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து பிரேக் மிதிக்கு மேலே அந்தக் கால் போகும், ஒரு விரற்கடை உயரத்தில் நிற்கும், திரும்பி வந்துவிடும். அப்புறம் கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், சொந்தமாகப் பழைய பிக்கப் வாங்கினார், வயிறு கொஞ்சம் முன்னால் வந்தது. கால் மட்டும் மாறவில்லை.

அந்த மகள்தான் அபிநயா. பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு மட்டும் காலை வாரிவிட்டதால் மறுதேர்வுக்குக் காத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். காத்திருக்கும் நேரத்தை வீணாக்காமல் ஊருக்குத் தன்னால் ஆன தொண்டுகளைச் செய்துவந்தாள். அதில் ஒன்று: அப்பாவின் வண்டிக்குப் பின்னால் "ஒலி எழுப்பவும்" என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, "தள்ளி வரவும். இந்த வண்டிக்குப் பிரேக் கிடையாது. உங்களுக்கும் உயிர் ஒன்றுதான்" என்று எழுதி வைத்தாள்.

ஒன்பது நாள் அது அங்கேயே இருந்தது. அந்த ஒன்பது நாளும் பின்னால் வந்த லாரிகள் இருபதடி தள்ளி வந்தன. பைக் ஓட்டுகிறவர்கள் கும்பிட்டுவிட்டு ஒதுங்கினார்கள். "இப்பெல்லாம் ரோட்டுல நம்மளுக்கு ஒரு மரியாதை வந்திருக்குது சாமி," என்று அருணகிரி மகளிடமே சொல்லி மகிழ்ந்தார். பத்தாம் நாள் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். வண்டி அவரைத் தாண்டி எண்பதடி உருண்டு போய் நின்றது. அவர் மூச்சிரைக்க ஓடி வந்து, "வண்டிக்குப் பிரேக் இல்லையாமே?" என்றார்.

"எந்தத் திருட்டுப்பய சொன்னதுங்க?" என்றார் அருணகிரி, நியாயமான கோபத்துடன்.

வீட்டில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் அம்மா ரஞ்சிதா. அவள்தான் பதிமூன்று வருடமாக வண்டியில் கூடவே போய், கடைக்குக் கடை முட்டை அட்டைகளை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தவள். மறுநாள் காலையில் அவள் முன் சீட்டில் ஏறவில்லை. பையை எடுத்துக்கொண்டு நேராகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

"ஏனுங்க, கவர்மெண்டு டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு இல்லீங்க," என்றாள் திரும்பிப் பார்க்காமல். "பிரேக்கும் சேத்துச் சும்மாவே குடுக்கறாங்க. நான் அதுலயே வாரேன். நீங்க உங்க பிரேக்கு பிடிக்காத தேருல வாங்க."

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. முன்னால் பஸ், பின்னால் பிக்கப். சில இடங்களில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் போகும். அருணகிரி ஜன்னல் வழியாக, "ரஞ்சிதா, வெத்தலை பையை உட்டுட்டுப் போயிட்டயே," என்று கத்துவார். ரஞ்சிதா வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். பஸ்ஸில் இருக்கும் நாற்பது பேரும் இந்தப் பக்கம் பார்ப்பார்கள். கடை வாசலில் அவர் வண்டி உருண்டு வந்து சேரும்போது அவள் டீ குடித்து முடித்துக் கட்டையோடு தயாராக நிற்பாள். காலியாகிவிட்ட முன் சீட்டில் அருணகிரி தன் துண்டை விரித்து வைத்திருந்தார். அபிநயா ஒருநாள் அதை எடுத்துவிட்டு உட்காரப் போனபோது, "துண்டை எடுக்காத சாமி. ஓரமா உக்காரு," என்றார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, கொல்லிமலை வரும்வரை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த அருணகிரி, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "செம்மேட்டுல ஒரு ஆஸ்டல் ஸ்கூலுக்கு முட்டை கேக்கறாங்க. வாரத்துக்கு ரெண்டு நடை. வர்ற வியாழக்கெழமை மொத நடை."

ரஞ்சிதா கரண்டியைக் கீழே வைத்தாள். "செம்மேடுன்னா கொல்லிமலைங்களா?"

"ஆமா."

"எழுவது கொண்டை ஊசி வளைவுங்க."

"தெரியும்."

"கடைவீதியில நிக்கறதுக்கே உங்களுக்கு ஒன்றரைக் கிலோமீட்டரு வேணும். அங்க வளைவுக்கு வளைவு நூறடிகூட இருக்காது."

"ஏறும்போது பிரேக்கு என்னாத்துக்கு? மலையே புடிச்சு நிறுத்திப்போடும்."

"எறங்கும்போது?"

அருணகிரி இதற்கு முன்பே கணக்குப் போட்டு விடை வைத்திருந்தவர் போலச் சொன்னார்: "எறங்கும்போது வண்டி காலி. முட்டையெல்லாம் மேல எறக்கிப்போட்டுத்தான வாரேன்? ஒடையறதுக்கு உள்ள என்ன இருக்குது? நான் ஒருத்தன்தான். கொஞ்சம் ரசம் ஊத்து."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதுதான் அபிநயாவுக்குச் சிரமமாக இருந்தது. எழுந்து போய், கழுவி வைத்திருந்த தட்டை எடுத்து மறுபடியும் கழுவினாள். திரும்பி வந்து, "நானும் வாரேனுங்கப்பா மலைக்கு," என்றாள்.

"நீ வேண்டாம் சாமி."

"ஏனுங்?"

"வளைவுல தலை சுத்தும்."

போன மாசித் திருவிழாவில் ராட்டினத்தில் தொடர்ந்து பதினோரு சுற்று சுற்றிவிட்டு இறங்கிப் பரோட்டா தின்றவளுக்குத் தலை சுற்றுமாம். அபிநயாவுக்குக் கணக்கு வராது; ஆனால் இந்தக் கணக்கு உடனே வந்துவிட்டது. தனக்குப் பயமில்லாத இடத்துக்கு ஒரு அப்பன் மகளை எதற்கு வேண்டாம் என்பான்? அவருக்கும் பயம் இருக்கிறது. ஆனால் பயத்தைவிட முட்டை பெரிதாக இருக்கிறது.

சனிக்கிழமை வண்டிக்கு ஆயில் மாற்றுவதற்காக அருணகிரி சேலம் ரோட்டில் இருக்கும் ஜெபஸ்டினின் பட்டறைக்குப் போனார். அபிநயா துண்டின் ஓரத்தில் உட்கார்ந்து கூடப் போனாள். ஜெபஸ்டின் முப்பது வயதுக்காரர். வண்டிக்கு அடியில் படுத்தபடியே வந்தவர்களின் செருப்பைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார். அபிநயா அவர் காதருகே குனிந்து கொல்லிமலை என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டாள். அவர் விருட்டென்று வெளியே வந்தார்.

"ஏனுங்கண்ணா, இந்தப் பிரேக்கை வெச்சுக்கிட்டா மலைக்குப் போறீங்க?"

"பிரேக்குக்கு என்ன தம்பி? புதுசு மாதிரி இருக்குது."

"புதுசு மாதிரிதான் இருக்கும். மிதிச்சாத்தான தேயறதுக்கு?" ஜெபஸ்டின் கையைக் கழிவு நூலில் துடைத்துக்கொண்டார். "கெட்டுப்போச்சுன்னு சொல்லலீங்கண்ணா. சின்னதுங்கறேன். கீழ ஓட்டறதுக்குப் போதும். மலையில எறங்கறப்ப பத்து வளைவு தாண்டறதுக்குள்ள சூடேறிப் போயிரும். அப்புறம் மிதிச்சா தலகாணியை மிதிச்ச மாதிரி உள்ள போவும், வண்டி பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கும். புது மாடலுக்கு வர்ற பெரிய டிஸ்க்கும், மிதிக்கு வலு குடுக்கற பெரிய பூஸ்டரும் உங்க வண்டிக்கு அப்படியே உக்காருமுங்க. ரெண்டு நாள் வேலை."

"நல்லாப் புடிக்குமா?"

"நச்சுன்னு நிக்குமுங்க."

"அதான் வேண்டாங்கறேன். நச்சுன்னு நின்னா என்ற முட்டை?"

"அண்ணா, பிரேக்கு பெருசா இருந்தா பெருசாத்தான் மிதிக்கோணும்னு சட்டமா? பையவும் மிதிக்கலாமுங்க."

"கையில அருவாளைக் குடுத்துப்போட்டு, பைய வெட்டுங்கற."

பட்டறைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் கண்ணாத்தாளுக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. அவளுக்கு அறுபது வயது. குரலுக்கு இருபது வயது. "அருணகிரி, ஒழுங்கா மாத்தித் தொலை," என்று ரோட்டைத் தாண்டிக் கத்தினாள். "எப்ப வந்தாலும் உன்ற வண்டி என்ற கடையைத் தாண்டிப் போயித்தான் நிக்குது. டீயைத் தூக்கிக்கிட்டு ஓடி ஓடி என்ற முட்டி தேஞ்சு போச்சு. உன்ற பிரேக்கு தேய வேண்டியது என்ற காலுல தேயுது!"

பட்டறையில் இருந்த ஆறேழு பேர் சிரித்தார்கள். அருணகிரிக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் அவர் சவால் விடுவார்.

"செரி தம்பி. ஒருக்கா பாத்துரலாம். பெரிய பிரேக்கு போட்ட வண்டி ஒண்ணு காட்டு. பின்னால ஒரு அட்டை முட்டை வெக்கறேன். முப்பது முட்டை. நானே ஓட்டி நானே மிதிக்கறேன். முப்பதும் முழுசா இருந்தா மாத்திக்கறேன். ஒண்ணே ஒண்ணு கீறல் உட்டாலும் பழைய பிரேக்கோடதான் மலைக்குப் போவேன். அப்புறம் ஒருத்தரும் வாயைத் தொறக்கக் கூடாது."

அதே மாடல் வண்டி ஒன்று அங்கேயே நின்றது. பரமத்தி வேலூர் வாழைத்தார் வியாபாரியுடையது. பெரிய டிஸ்க் போட்டு, ஓட்டிப் பார்த்து, ஞாயிறு சாயங்காலம் கொடுக்க வேண்டியது. ஜெபஸ்டின் போனிலேயே அவரிடம் அனுமதி வாங்கிவிட்டார். ஞாயிறு காலை எட்டு மணி என்று முடிவானது. "அபிநயா, காலையில நான் ரெண்டு கடைக்கு எறக்கிப்போட்டு நேரா வந்தர்றேன். நீ ஊட்டுல இருந்து ஒரு அட்டை எடுத்துட்டு எக்ஸ்எல் மொபெட்டுல வந்துரு," என்றார் அருணகிரி.

ஒண்ணே ஒண்ணு கீறல் விட்டாலும். வீடு வரும்வரை இந்த வார்த்தை அபிநயாவின் தலைக்குள் உருண்டது. முட்டை என்பது எதற்கும் விரிசல் விடும் சாதி. சும்மா வைத்திருந்தாலே முப்பதில் ஒன்று விடும். ஒரு கோழியின் கால்சியம் குறைவுக்காக அப்பா எழுபது வளைவில் தலையணையை மிதிக்க வேண்டுமா?

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அவள் பிரியாணிக் குண்டாவை அடுப்பில் ஏற்றினாள். அவித்த முட்டை விரிசல் விட்டாலும் ஒழுகாது. ஒழுகாததை யார் பார்க்கப்போகிறார்கள்? அவள் யோசித்தது அவ்வளவுதான்.

ரஞ்சிதா கோவிலுக்குப் போய்விட்டுச் சீக்கிரமே திரும்பிவிட்டாள். குண்டாவுக்குள் முப்பது முட்டைகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன.

"என்ன கருமம்டி இது?"

"தலைக்குத் தேச்சுக் குளிக்கறதுக்குங்கம்மா. முடி நல்லா வளருமாம்."

"அவிச்சா?"

அபிநயா அடுப்பைக் கொஞ்சம் தணித்தாள்.

"முப்பதா? உன்ற தலையில இருக்கற மசுருக்கு மூணே அதிகம்." ரஞ்சிதா குண்டாவைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மூலையில் காலியாக இருந்த முட்டை அட்டையைப் பார்த்தாள். பட்டறைச் சவால் அவளுக்கும் தெரியும். பிறகு உப்புச் சாடியை எடுத்து இரண்டு கை அள்ளிக் குண்டாவில் போட்டாள். "உப்புப் போட்டா ஓடு வெடிக்காது," என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

வெந்து முடித்தபோது மணி ஏழரை. ஆற வைக்க நேரமில்லை. துணியால் ஒற்றி எடுத்து, அட்டையில் அடுக்கி, மேலே இன்னொரு அட்டையைக் கவிழ்த்து, எக்ஸ்எல்லின் முன்பக்கம் வைத்துக் கட்டிக்கொண்டு பறந்தாள். கால் முட்டிக்கு இதமாக இருந்தது. அது எதனால் என்று நினைக்கக்கூட அவளுக்கு அவகாசம் இல்லை.

பட்டறைக்குப் பின்னால் லாரிகள் நிறுத்தும் பொட்டலில் தேர்த் திருவிழாக் கூட்டம். ஞாயிறு வேறு, யாருக்கும் வேறு சோலி இல்லை. கண்ணாத்தாள் டீ டிரம்மையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அபிநயா தானே வாழைத்தார் வண்டியில் ஏறி முட்டை அட்டையை வைத்து, மேலட்டையை எடுத்துவிட்டு, கயிற்றால் கட்டி, யாரையும் கிட்ட வரவிடாமல் இறங்கினாள்.

"கோடு வந்ததும் மிதிங்கண்ணா!" என்றார் ஜெபஸ்டின்.

அருணகிரி ஏறி உட்கார்ந்தார். பொட்டலின் கடைசிக்குப் போய் வண்டியைத் திருப்பி, வேகமெடுத்து வந்தார். நாற்பதைத் தொட்டிருக்கும். கோட்டுக்கு இருநூறு அடி இருக்கும்போதே இஞ்சின் சத்தம் தணிந்தது. மூன்றாவது கியர். இரண்டாவது. ஒன்று. வண்டி சாமி ஊர்வலம் போலக் கூட்டத்துக்கு முன்னால் மெல்ல அசைந்து வந்து, கோட்டைத் தாண்டி, யோசித்து நின்றது. யாரோ பழக்கதோஷத்தில் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல்லை வைத்தார்கள்.

"இதுக்கு மாட்டு வண்டியிலயே வந்திருக்கலாமே!" என்றாள் கண்ணாத்தாள்.

"மிதிங்கண்ணா! மிதிக்காம என்னத்தைப் பாக்கறது?"

"கால் போகமாட்டீங்குது தம்பி," என்றார் அருணகிரி. எல்லோரும் சிரித்தார்கள். அபிநயா மட்டும் திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தாள். அவர் வலது கால் மிதிக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. முட்டையை மாற்றியது போதாது, காலையும் மாற்ற வேண்டும் போலிருக்கிறதே என்று நினைத்தாள்.

அருணகிரி இறங்கினார். "கயிறு சரியா இருக்குதான்னு பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு வண்டியின் பின்னால் போனார். அபிநயாவின் உயிர் கொஞ்ச நேரம் வெளியே போய் உலாத்தியது. அவர் கயிற்றை இழுத்துப் பார்த்தார். முட்டைகளின் மேல் உள்ளங்கையை வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்ப ஏறினார். சாமி கும்பிடுகிறார் என்று கூட்டம் அமைதியானது.

இரண்டாம் முறை அவர் வந்த வேகத்தைப் பார்த்துக் கண்ணாத்தாள் டீ டிரம்மை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். ஐம்பதுக்குக் குறையாது. கோடு நெருங்கியது. மிதித்தார். இருபது வருடமாக மிதிக்காததை எல்லாம் சேர்த்து ஒரே மிதியாக மிதித்தார்.

வண்டி ஆணி அடித்தது போல நின்றது. புழுதி மட்டும் நிற்காமல் முன்னால் போனது. அருணகிரியின் தோளில் இருந்த துண்டு கண்ணாடியில் போய் ஒட்டியது. அவர் மூக்கு ஸ்டியரிங்கைக் கும்பிட்டு எழுந்தது. புழுதி அடங்கியபோது முன் சக்கரம் கோட்டைத் தாண்டாமல் இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தது.

ஜெபஸ்டின் பின்னால் தாவி ஏறி எண்ணினார். "முப்பது! முப்பதும் முழுசா இருக்குதுங்கோ!"

விசில் பறந்தது. அபிநயா தன் விசிலை இரண்டு விரலால் அடித்தாள். அப்போதுதான் கண்ணாத்தாள் கையில் ஒரு டம்ளரோடு முன்னால் வந்தாள். "மேல முழுசா இருந்தாப் போதுமா? ஒண்ணை இதுல ஒடச்சு ஊத்து அருணகிரி. உள்ள மஞ்சக்கரு கலங்கியிருக்குதான்னு பாத்துரலாம்."

கூட்டம், "ஆமா, ஆமா, ஒடைங்க," என்றது. அபிநயாவின் விரல்கள் வாயிலேயே நின்றுவிட்டன.

அருணகிரி இறங்கி வந்து, அட்டையைத் தானே கையில் எடுத்து, துண்டைப் போட்டு மூடினார். "ஒடையாம இருக்கோணும்னுதானக்கா இத்தனை கூத்து. நீயே ஒடைங்கறயே. இருவது வருசங்கழிச்சு ஒரு தரம் மிதிச்சிருக்கேன், ஒடைக்கற சோலியெல்லாம் இன்னைக்கு நம்மளால ஆகாது." பிறகு ஜெபஸ்டினின் பக்கம் திரும்பினார். "மாத்திப்போடு தம்பி. பெரிய டிஸ்க்கு, பெரிய பூஸ்டரு, ரெண்டையும். வியாழக்கெழமைக்கு முன்னால முடிச்சுரு."

வண்டியைப் பட்டறையில் விட்டதால் திரும்பும்போது அபிநயா எக்ஸ்எல்லை ஓட்டினாள். அருணகிரி முட்டை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் மூக்கைத் தடவிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துப் பாடினார். ஒரு கொலைகாரன்கூடத் தப்பித்த பிறகு தன்னைப் போல இவ்வளவு சந்தோஷமாக வண்டி ஓட்டியிருக்க மாட்டான் என்று அபிநயா நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தவர், அட்டையை முன்னால் வைத்தார்.

"சாமி."

"ஏனுங்கப்பா?"

"இது எந்தப் பண்ணை முட்டை?"

"எப்பவும் எடுக்கறதுதானுங்க."

"அங்க கோழிக்கெல்லாம் காய்ச்சலா?"

"தெரியலீங்களே. ஏனுங்?"

"முப்பது முட்டையும் சூடா இருந்துச்சு. அதான் கேட்டேன்."

"வெயிலுங்கப்பா."

"எட்டு மணிக்கா?"

"எக்ஸ்எல் இஞ்சின் சூடுங்க. கீழ இருந்து ஏறியிருக்கும்."

"செரி, இருக்கும்." அவர் ஒரு முட்டையை எடுத்துத் தரையில் சுழற்றிவிட்டார். அது பம்பரம் போல நின்ற இடத்தில் நின்று சுற்றியது. பச்சை முட்டை அப்படிச் சுற்றாது. நிற்கட்டும் என்று காத்திருந்து, ஓட்டின் மேல் விரலைத் தேய்த்து, வெள்ளையாக ஒட்டியிருந்ததை மகளுக்குக் காட்டினார். "எக்ஸ்எல் இஞ்சினு உப்புப் போட்டுமா அவிக்கும்?"

"எப்பங்க தெரியும்?" என்றாள் அபிநயா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"கையை வெச்சதுமே தெரிஞ்சு போச்சு. இருவது வருசமா முட்டையைத் தொட்டுட்டு இருக்கறவங்கிட்ட அவிச்ச முட்டையைக் குடுக்கறயே, உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்?"

"தெரிஞ்சும் ஏனுங்க மிதிச்சீங்க?"

"தெரிஞ்சதுனாலதான் மிதிச்சேன். பச்ச முட்டையா இருந்திருந்தா இந்நேரத்துக்கும் அந்தப் பொட்டலுல உருட்டிட்டுத்தான் இருந்திருப்பேன்." முட்டையைத் தரையில் தட்டி, உரித்து, அவள் கையில் வைத்தார். "தின்னு. ஒண்ணு பாக்கியில்லாமத் தின்னு. வீணாப் போவக்கூடாது."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது, கேட்டதும் நின்றது. அருணகிரி அடுத்த முட்டையை எடுத்துத் தட்டினார்.

"ரஞ்சிதா! ஒளிஞ்சு நின்னது போதும், வா. உப்புப் போடற அளவுக்கெல்லாம் இவளுக்கு மூளை கெடையாதுன்னு எனக்குத் தெரியும். பாதி உன்ற பங்கு."